கமிஷன் இல்லாத ஆர்டருக்கும் கமிஷன் விலையா?

நாமக்கல், சேலம், ஈரோடு வட்டார ஓட்டல் முதலாளிகளுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமாட்டோ ஆர்டர்களை எடுக்கப்போவதில்லை என்று நாமக்கல்லில் ஓட்டல்காரர்கள் முடிவெடுத்தபோது, அதைப் படித்துச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்தச் செயலிகள் எடுக்கும் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்றீர்கள். நியாயம்தான். ஆனால் சாப்பிடுகிறவன் கணக்கு அந்தப் பேச்சில் எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கமிஷன் கடைக்குக் கடை மாறும். பேச்சுக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 100 ரூபாய்க்கு ஆர்டர் வந்தால் 25 ரூபாய் கமிஷன். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது இன்னொரு 4 ரூபாய் 50 காசு. 2017 நவம்பரில் ஓட்டல் சாப்பாட்டு வரியை 5 சதவீதமாகக் குறைத்தபோதே இன்புட் கிரெடிட்டை, அதாவது வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை, எடுத்துவிட்டார்கள். ஆகவே இந்த நாலரை ரூபாயை நீங்கள் எதிலும் கழித்துக்கொள்ள முடியாது. கையில் நிற்பது 70 ரூபாய் 50 காசு. டப்பா, கவர், விளம்பரம், செயலிக்காரர்கள் கேட்கும் ஆஃபர் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். பழைய 100 ரூபாய் முழுசாக வர வேண்டுமென்றால் செயலியில் 142 ரூபாய் போட வேண்டும். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், செயலிக்கென்று விலையை ஏற்றி வைத்திருக்கும் கடைகள் ஏராளம். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். வேறு வழியில்லை.

ஆனால் அந்த ஏற்றிய விலையைக் கொடுப்பது நாங்கள். அதற்கு மேல் டெலிவரி கட்டணம். ஒவ்வொரு ஆர்டருக்கும் செயலி தனியாக வாங்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-ல் 2 ரூபாயாக ஆரம்பித்து, இன்று இரட்டை இலக்கத்தில் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரி கட்டணத்துக்கும் 18 சதவீத வரி சேர்ந்துகொண்டது. கமிஷனை எதிர்த்துப் போராடுவது நீங்கள். அதில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருப்பது நாங்கள்.

சரி, செயலி வேண்டாம், நேராகவே வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தால்? மதியம் ஒரு மணிக்குப் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. கல்லாவில் இருப்பவர் பில் போடுவாரா, போனைப் பார்ப்பாரா? எடுத்தாலும் அந்தச் சத்தத்தில் 'ரெண்டு மட்டன்' என்றது 'ரெண்டு முட்டை'யாகிப் பார்சலாக வருகிறது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விலை கேட்டால் சில கடைகளில் செயலியில் இருக்கும் விலையையே சொல்கிறார்கள். இதுதான் உறுத்துகிறது. கமிஷன் போகாத ஆர்டருக்கு எதற்குக் கமிஷன் விலை? ஆள் கிளம்பி வந்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, வரிசையில் நின்று வாங்குகிறவனுக்கு ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் விலையாவது கிடைக்க வேண்டாமா?

நான் கேட்பது இதுதான். போனிலோ நேரிலோ வரும் ஆர்டருக்கு ஹால் விலை என்று வாசலில் எழுதி வையுங்கள், எங்கள் கண்ணில் படுகிற மாதிரி. பார்சல் சார்ஜ் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தூக்குவாளி கொண்டுவந்தால் அந்தச் சார்ஜ் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-ல் தடை வந்த புதிதில், பாத்திரம் கொண்டுவருபவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்த ஓட்டல்கள் உண்டு. அந்தப் பழக்கம் எப்படியோ மறைந்து, சாம்பார் மறுபடி பிளாஸ்டிக் கவரில் நூல் கட்டி வருகிறது.

இரண்டு விலை வைத்தால் செயலிக்காரர்கள் ஒப்பந்தத்தைக் காட்டுவார்களே என்று நீங்கள் தயங்கலாம். சொந்த விற்பனையில் செயலியைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்கக் கூடாது என்கிற மாதிரி நிபந்தனைகள்மீது இந்தியப் போட்டி ஆணையமே 2022 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்டது. புகார் கொடுத்தது உங்கள் தொழிலைச் சேர்ந்த இந்திய தேசிய உணவகச் சங்கம்தான். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சங்கத்தில் வைத்துப் பேசுங்கள். தனிக்கடை தனியாகப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

வேகத்தில் அவர்களோடு போட்டி போடாதீர்கள். ஸ்விக்கி 2024 அக்டோபரில் போல்ட் என்று 10 நிமிட டெலிவரியைத் தொடங்கியது. அந்த அவசரம் உங்களுக்கு எதற்கு? பரோட்டாவுக்கு அரை மணி நேரம் ஆகும் என்று உண்மையைச் சொன்னால் காத்திருப்போம். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் சொந்த ஆளை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்குத் தனியாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காசு வண்டி ஓட்டுகிறவர் கைக்குப் போகட்டும்.

அப்புறம், எங்கள் போன் நம்பர். ஆர்டருக்கென்று வாங்கிய நம்பருக்குத் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் விளம்பரம் அனுப்பாதீர்கள். செயலியிலிருந்து தப்பி வருகிறவனை இதிலேயே விரட்டிவிடுவீர்கள்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. ஒரு போர்டு, பார்சலுக்கென்று ஒரு தனி போன், மதியம் 12-லிருந்து 3 வரையும் இரவு 7-லிருந்து 10 வரையும் அதை எடுக்க ஓர் ஆள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். எந்தெந்தக் கடைகள் ஒத்துக்கொண்டன என்று ஊருக்குச் சொன்னால், எங்கள் தெருவில் அந்தப் பட்டியலைக் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்