மாவு கொடுத்த ஜேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்காவின் யூட்டாவில் குடியேறிய மோர்மன்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் குடும்ப வரலாறு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாட்டு வண்டிப் பயணம், அவர்களை அங்கே அழைத்துச் சென்ற தலைவர் பிரிகம் யங்கின் பெருங்குடும்பம் எல்லாம் சுவையாகவே இருந்தன. ஆனால் 1847-இல் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள் என்றே படிப்பவர் நினைப்பார். அந்த ஜூலையில் வந்த முதல் அணியிலேயே கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்று மூன்று கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். செப்டம்பரில் கணவர் ஐசக்கோடும் பிள்ளைகளோடும் வந்த ஜேன் மானிங் ஜேம்ஸ் அடிமையும் அல்ல. கனெக்டிகட்டில் சுதந்திரமாகப் பிறந்து, தானே விரும்பி அந்த மதத்தில் சேர்ந்தவர்.

அவர் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1843-இல் தாய், உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு இல்லினாயில் மோர்மன்கள் அப்போது வாழ்ந்த நவூ என்ற ஊருக்குக் கிளம்பினார். பஃபலோவில் கட்டணப் பிரச்சினை வந்து, மானிங் குடும்பத்தைப் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். மிச்ச தூரம் ஏறத்தாழ 800 மைல். நடந்தார்கள். காலணி தேய்ந்து, பாதம் வெடித்து, ரத்தத் தடம் முழுசாக மண்ணில் பதிந்ததாக, முதுமையில் பிறர் கையால் எழுதவைத்த நினைவுக்குறிப்பில் ஜேன் சொல்கிறார். பியோரியாவில் அதிகாரிகள் ‘சுதந்திரச் சீட்டு எங்கே’ என்று மிரட்டியது தனிக்கதை; பிறக்கும்போதே அடிமையாக இல்லாதவரிடம் அப்படி ஒரு சீட்டு ஏது?

நவூவில் மதத்தை நிறுவிய ஜோசஃப் ஸ்மித்தின் வீட்டிலேயே வேலை கிடைத்தது. ஒருநாள் அவர் மனைவி எம்மா, ‘உன்னை எங்கள் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டார். அதன் பொருள் விளங்காததால் ஜேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிற்பாடு அந்தப் பிள்ளைத்தானத்தைக் கேட்டுத்தான் வருடக்கணக்காகச் சபைத் தலைவர்களின் வாசலில் நின்றார்.

மோர்மன்கள் பதிவேடுகளைத் துருவித் துருவிப் பாட்டன் பூட்டன் பெயர் சேர்ப்பதைக் கட்டுரையாளர் ஏதோ பொழுதுபோக்கு போல எழுதியிருக்கிறார். ஆலயச் சடங்கில் கணவன் மனைவியையும் பெற்றோர் பிள்ளைகளையும் பிணைத்துவிட்டால் அந்த உறவு சாவுக்குப் பிறகும் தொடரும் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்னோரையும் அப்படிப் பிணைக்க வேண்டுமானால் முதலில் அவர்கள் பெயர் தெரிய வேண்டும். கறுப்பினத்தவருக்குக் குருத்துவம், அதாவது சபையில் சடங்கு நடத்தும் அதிகாரம், இல்லை என்று 1852-இல் பிரிகம் யங் வெளிப்படையாகச் சொன்னபின், இந்தச் சடங்குகளின் கதவும் அவர்களுக்கு மூடிக்கொண்டது. 1884 டிசம்பரில் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு ஜேன் அனுப்பிய கடிதத்தில், தனக்கென்று எந்த ஆசீர்வாதமும் இல்லையா என்று கேட்கிறார். இறந்துபோன தன் உறவினர்களுக்குப் பதிலாகத் தான் ஞானஸ்நானம் பெறுவதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

1894-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில், ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெற்றோரோடு பிணைக்கப்பட்டு, கிடைக்கும் மட்டும் வம்சாவளியைத் தேடிப் போகவேண்டும் என்று தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிவித்தார். நவம்பரில் யூட்டா வம்சாவளிச் சங்கம் தொடங்கியது. பின்னாளில் மலையைக் குடைந்து, வம்சாவளிப் பதிவேடுகளின் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களைச் சேர்த்துவைத்த அமைப்பு அதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே, மே 18 அன்று, ஜேனை ஜோசஃப் ஸ்மித் குடும்பத்தோடு பிணைத்தார்கள். மகளாக அல்ல, மறுமையிலும் ஊழியம் செய்யும் பணியாளாக. அந்தச் சடங்குக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை. அவர் உயிரோடு அதே ஊரில் இருக்க, பத்ஷெபா ஸ்மித் என்ற வெள்ளைப் பெண்மணி அவருக்குப் பதிலாக நின்றார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜேன் 1908 ஏப்ரலில் காலமானார். எட்டுப் பிள்ளைகளில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் இருவர்தான். இறுதிச் சடங்கில் பேசியவர், அப்போதைய சபைத் தலைவர் ஜோசஃப் எஃப். ஸ்மித், 1894-இல், முன்பே இறந்துபோயிருந்த ஜோசஃப் ஸ்மித்துக்குப் பதிலாகச் சடங்கில் நின்றவரும் அவரே. இனத் தடை 1978-இல் நீங்கியது. அடுத்த ஆண்டு ஜேனுக்கான ஆலயச் சடங்குகளை அவர் பெயரில் பிறர் செய்துமுடித்தார்கள்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். 1849 பஞ்சத்தில் எலைசா லைமன் என்ற பெண்ணுக்கு ‘அண்டைவீட்டார் ஒருவர்’ மாவு கொடுத்ததாகக் கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறது. வீட்டில் ஒரு பிடி மாவு வைக்காமல் கணவர் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பியிருந்த நேரம் அது. கொடுத்தவர் பெயரை எலைசா தன் நாட்குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறார்: ஜேன் ஜேம்ஸ். கொடுத்தது இரண்டு பவுண்டு. அவரிடம் இருந்ததே அதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்குதான்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்