மல்லிகாவுக்கு, குதிகால் விஷயமாக

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. செய்தித்தாளின் பொடி எழுத்தையெல்லாம் உரக்கப் படித்துக்காட்டி உன் உயிரை வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் பார்வை பழையபடி வந்துவிட்டது, சந்தோஷப்படு. இங்கே சின்னவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வீட்டில் நானும் அவரும் டிவியும்தான். டிவிதான் அதிகம் பேசுகிறது.

சரி, உன் குதிகாலுக்கு வருகிறேன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால் ஆணி குத்தியதுபோல் இருக்கிறது, கொஞ்சம் நடந்தால் தேவலாம், வகுப்பு முடிந்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே வலி என்று எழுதியிருக்கிறாய். ஏண்டி, இத்தனை வருடம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் நான். இதை ஊரெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியிலா எனக்கு எழுதுவது? எங்கள் கடையில் பாதிப் பெண்களுக்கு இந்த வலி உண்டு. எனக்கும் வந்து, போட்டு வாட்டி, போயும் விட்டது.

குதியெலும்பின் அடியிலிருந்து விரல்களின் வேர்வரைக்கும் உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இப்போதே காலை மடித்து உட்கார்ந்து, ஒரு கையால் பெருவிரலை மேல்நோக்கி இழு. இன்னொரு கையின் கட்டைவிரலால் உள்ளங்கால் வளைவைத் தடவிப் பார். கயிறு முறுக்கேறியதுபோல் ஒன்று விறைத்து நிற்கும். அதுதான். அது குதியெலும்போடு சேரும் இடம், அதாவது குதிகாலின் அடியில் கொஞ்சம் உள்பக்கமாக, அங்கே அழுத்தினால் உனக்கு உயிர் போகும். ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து அந்தப் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் மொத்த உடம்பையும் அதன்மேல் ஏற்றுகிறோம். முதல் எட்டில் வலிக்காமல் என்ன செய்யும்?

டாக்டர்கள் இதைப் பிளான்டார் ஃபேசியைட்டிஸ், அதாவது உள்ளங்கால் பட்டையின் அழற்சி என்பார்கள். ஆனால் நாள்பட்ட வலிக்காக ஆபரேஷன் செய்து எடுத்த திசுவைச் சோதித்தவர்கள், அங்கே அழற்சியைவிட நார் நைந்துபோயிருப்பதுதான் தெரிகிறது என்று 2003-லேயே எழுதியிருக்கிறார்கள். வலி மாத்திரை விழுங்கும்போது அடங்குவதும் நிறுத்தினால் திரும்புவதும் ஏன் என்று இதிலிருந்து புரியும். நைந்த நார் திரும்ப வலுப்பெற வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது, அதை வெட்டி எடுத்தால்தான் தீரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாயே, அதை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடு. வலியே இல்லாத எத்தனையோ பேர் குதிகாலில் அந்த முள் இருக்கிறது. என் எக்ஸ்ரேயிலும் இருந்தது. இன்னமும் இருக்கும், யார் கண்டது? வலிதான் போய்விட்டது.

எனக்குக் கேட்ட வைத்தியத்தைச் சொன்னால் 'இவ்வளவுதானா' என்பாய். காலையில் கண் விழித்ததும் காலைக் கீழே வைக்காதே. கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்றக் கால் முட்டிமேல் போட்டுக்கொண்டு, விரல்கள் அத்தனையையும் கையால் பிடித்து முழங்கால் பக்கம் இழுத்து வை. பத்து எண்ணும்வரை. பிறகு விடு. அப்படிப் பத்துத் தடவை. இழுக்கும்போது மறுகையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார், பட்டை விறைத்தால்தான் சரியாக இழுக்கிறாய் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்யலாம், ஆனால் அந்த முதல் வேளை, தரையில் கால் படுவதற்கு முன்பு செய்வதுதான் முக்கியம். பள்ளியில் வெகுநேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன்னாலும் மேஜைக்கு அடியில் ஓசைப்படாமல் செய்துகொள். கூடவே சுவரில் கை வைத்துக்கொண்டு, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, அதன் குதி தரையை விட்டு எழாமல் ஆடுசதையை நீட்டு. ஆடுசதை இறுகியிருந்தால் பாரமெல்லாம் அந்தப் பட்டைக்குத்தான் போகும்.

வலி கொஞ்சம் அடங்கியதும் அடுத்தது. மாடிப்படியின் ஓரத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, கால்விரல்கள் அதன்மேல் ஏறி இருக்கும்படியும் குதி படிக்கு வெளியே தொங்கும்படியும் நில். கைப்பிடியைப் பிடித்துக்கொள், விழுந்து வைக்காதே. மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக எழும்பு, மேலே இரண்டு எண்ணிக்கை நில், மூன்று எண்ணி இறங்கு. ஒரு காலில் முடியாவிட்டால் முதலில் இரண்டு காலிலும் செய். தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். டென்மார்க்கில் இதை வைத்தே ஓர் ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார்கள். நீட்டுகிற பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இப்படி எழும்பி இறங்கியவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் ஆனபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண், வலுவேறியதும் முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு செய்யச் சொன்னாள். மகனுடைய பழைய ஸ்கூல் பையில் அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு படியில் ஏறி இறங்கினேன். இவர் பார்த்துவிட்டு, எங்கேயாவது ஓடிப்போகிறாயா என்று கேட்டார்.

ஊசி போடலாமா என்று கேட்டிருந்தாய். ஸ்டீராய்டு ஊசியில் சீக்கிரம் வலி போகும், உண்மைதான். ஆனால் சில வாரங்களில், மிஞ்சினால் ஓரிரு மாதத்தில் அந்தச் சுகம் தேய்ந்துவிடுகிறது. அந்தப் பட்டை கிழியவும், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கிற கொழுப்பு மெலியவும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எங்கள் பில் கவுண்டர் அக்கா போட்டுக்கொண்டு தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்தாள், பொங்கலுக்குள் வலி திரும்பிவிட்டது. தாங்கவே முடியாத நிலையில் டாக்டர் போட்டால் தப்பில்லை. உனக்குச் சர்க்கரை இருப்பதால் ஊசிக்குப் பிறகு அளவு கொஞ்ச நாள் எகிறும், அதையும் கேட்டுக்கொள். ஆறு மாதமாகியும் அசையாவிட்டால் அதிர்வலை சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலோருக்கு அதுவரை போகாமலே ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது.

செங்கல்லைச் சுட வைத்து, எருக்க இலையைப் போட்டு, அதன்மேல் குதிகாலை வைத்து எடுக்கச் சொல்கிறாரே உன் மாமியார், அது எனக்கும் நடந்தது. சூடு இதமாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருந்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். அந்த இலையைப் பறித்த கையோடு அம்மாவுக்குச் சொட்டு மருந்து போடப் போய்விடாதே, தாயே. ஒத்தடம் வேண்டுமானால் சின்ன பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் துணி சுற்றி உள்ளங்காலால் உருட்டு, சாயங்காலம் சில நிமிடம் மட்டும். சர்க்கரைக்காரிக்குக் குளிரும் அளவோடுதான். ஏற்கெனவே பாதத்தில் மரமரப்பு இருந்தால் அதுவும் வேண்டாம்.

உன் வீட்டில் புதிதாக டைல்ஸ் போட்டதும் வலி வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம், கவனித்தாயா? வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதை விடு. மாமியார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள். எம்.சி.ஆர்., அதாவது மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு தெரியுமல்லவா? சர்க்கரைக்காரர்கள் போடுவார்களே, அடியில் மெத்துமெத்தென்று. வேலூர் சி.எம்.சி.க்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமலிருக்க மெத்தென்ற செருப்புக்காக மெனக்கெட்டார்கள். அந்த உழைப்பில் பரவியதுதான் இந்த ரப்பர். ஓரிடத்தில் குத்துகிற பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிறது. எனக்கு அது பெரிய ஆறுதல். பயிற்சியை விட்டுவிட்டுச் செருப்பை மட்டும் நம்பாதே.

அப்புறம், நிற்பதைப் பற்றி. எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள், 2018-ல் அங்கே சட்டம் திருத்தினார்கள். நம் ஊரில் 2021-ல் வந்தது, கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று. எங்கள் கடையிலும் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். ஆனால் அதில் உட்கார்ந்தால் மேனேஜர் பார்க்கிற பார்வைக்கு நின்றுகொண்டே இருக்கலாம். நான் பார்த்தால் பார்க்கட்டும் என்று உட்கார்ந்தேன். கஸ்டமர் முன்னால் சேலையைப் பிரித்துப்போட நிற்கத்தான் வேண்டும், மடித்து அடுக்குவதற்கு எதற்கு நிற்க வேண்டும்? நீயும் பாடம் நடத்தும்போது நில், நோட்டுத் திருத்தும்போது உட்கார். பிள்ளைகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மாதக்கணக்காகும், மல்லி. ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் படுத்தும். அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதே. ஆனால் பாதம் மரத்துப்போனாலோ, வீங்கிச் சிவந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, காலையில் இடுப்பும் முதுகும் சேர்ந்து வெகுநேரம் இறுகிக் கிடந்தாலோ அது வேறு விஷயம், உடனே டாக்டரைப் பார்.

இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் அளவெடுத்து எம்.சி.ஆர். செருப்பு தைத்துத் தருகிறார். ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் நின்று, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரையச் சொல். காலையில் வேண்டாம், சாயங்காலம் கால் கொஞ்சம் பருத்திருக்கும்போது வரைந்தால்தான் அளவு சரிவரும். பின்பக்கம் வார் வைத்தது நல்லது என்பார், உனக்குப் பிடிக்குமோ என்னவோ. நிறமும் எழுது, கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமும்தான் இருக்கின்றன. பெரியவள் அடுத்த மாதம் திருச்சி வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
செல்வி