செவலை நடக்கச் சாக்கு விரித்தோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வளர்ப்புப் பிராணிகளுக்கான தடுப்பூசி, குளியல், உணவு பற்றியெல்லாம் உங்கள் இதழில் படித்திருக்கிறேன். கால் எடுக்கப்பட்ட ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஆடி மாதம், எங்கள் செவலையின் மீது விடியற்காலையில் ஒரு சரக்கு வேன் ஏறிவிட்டது. இடது பின்னங்கால் எலும்பு நொறுங்கி, பாதம் சில்லிட்டுப் போயிருந்தது. காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் மருத்துவர். "ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள், மூன்று காலோடு அது என்ன பிழைப்பு?" என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். நாங்கள் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தோம். அதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. ஆனால் அடுத்த சில நாள்களில் எங்கள் அறியாமையால் அவன் பட்ட பாடு இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. மறுநாள் மாலை நாயையும் மருந்துச் சீட்டையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் எங்களைத் தோற்கடித்தது தரை. வீடு முழுக்க வழவழப்பான டைல்ஸ். மருத்துவமனையின் சிமெண்ட் தரையில் தானாகவே எழுந்து நின்றவன், எங்கள் நிலைப்படி தாண்டியதும் வழுக்கித் தையல் போட்ட பக்கமாகவே விழுந்தான். இரண்டாவது முறையும் விழுந்த பிறகு எழவே மறுத்துவிட்டான். பிள்ளைக்கு மனம் ஒடிந்துவிட்டது என்று நாங்கள் சுற்றி உட்கார்ந்து அழுதோம். மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய், நான்கு சணல் சாக்குகளோடு வந்தார். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் விரித்தார். கால் மணி நேரத்தில் செவலை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். அவன் மனம் ஒடியவே இல்லை. கால் ஊன்ற இடம் கிடைக்காமல்தான் கிடந்திருக்கிறான். சாக்கு நகராமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்பு போட்டோம். கோரைப்பாயை விரித்தால் அதுவும் சேர்ந்து வழுக்குகிறது. நகத்தை வெட்டி, பாதத்தின் அடியில் வளரும் முடியையும் குறைத்துவிட்டால் பிடிப்பு இன்னும் நன்றாகக் கிடைக்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்: "அடிபட்டது முழங்காலுக்குக் கீழேதானே, ஏன் தொடை வரை எடுத்தார்கள்?" எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்றப் பார்க்கும், தரையில் உரசி உரசிப் புண்ணாகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முன்னங்கால் என்றால் பெரும்பாலும் தோள்பட்டை எலும்போடு சேர்த்தே எடுத்துவிடுவார்களாம். நிற்கும்போது நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. எனவே முன்னங்காலை இழந்த நாய்க்குச் சமநிலை பழக இன்னும் சற்று நாள் பிடிக்கலாம். சோற்றுக் கிண்ணத்தை ஒரு மணைப்பலகையின் மேல் வைத்தால் அது குனிந்து தடுமாற வேண்டியிருக்காது.

முதல் இரவு முழுக்க அவன் முனகினான். தாங்க முடியாமல், நான் முதுகுவலிக்குச் சாப்பிடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கப் போனேன். என் கணவர் தடுத்து, மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினார். மயக்க மருந்தும் வலி மருந்தும் தெளியும்போது சில நாய்கள் இப்படி முனகும் என்றார் அவர். நான் கையில் வைத்திருந்தது டைக்ளோஃபினாக். அதுவும் ஐபுபுரூஃபனும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலைக்கூட நம் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. வாசகர்கள் தயவுசெய்து இதை மறக்க வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மருந்தை, நாய் தெளிவாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. வலியை மறைத்துக்கொள்வது அந்த ஜீவனின் சுபாவம்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசச் சொன்னவர்கள் பலர். தையலின் மேல் எதையும் பூசாமல் உலர்வாக வைத்திருப்பதே நல்லது. நம் ஊரில் அதைவிடப் பெரிய பயம் ஈ. ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். செவலையை வீட்டுக்குள்ளேயே வைத்து, பகலிலும் கொசுவலை கட்டினோம். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். கழற்றினால் பத்து நிமிடத்தில் தையலைக் கடித்துவிடும். தையலைச் சுற்றிக் கொஞ்சம் நீலம் பாரிப்பதும் வீங்குவதும் உண்டு. சீழ், துர்நாற்றம், நிற்காத ரத்தக் கசிவு, வெளுத்துப்போன ஈறு, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலம் கழிக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

சிறுநீர் கழிக்க அவன் பழையபடி வலது காலைத் தூக்கப் பார்த்து, ஊன்ற மறுகால் இல்லாமல் சாய்ந்தது என்னால் பார்க்க முடியாத காட்சி. என் மாமனாரின் ஈரிழைத் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரு முனையையும் மேலே பிடித்துக்கொண்டோம். தூக்கக் கூடாது, விழாமல் தாங்கினால் போதும். ஐந்தாம் நாள் துண்டு தேவைப்படவில்லை. காலைத் தூக்காமலே காரியத்தை முடிக்க அவனே கற்றுக்கொண்டான்.

அதன் பிறகு அவனைக் கட்டுப்படுத்துவதுதான் சிரமமாகிவிட்டது. அணிலைக் கண்டால் பாய்கிறான். தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, மாடிப்படி, ஓட்டம், மற்ற நாய்களோடு விளையாட்டு எதுவும் கூடாது. கயிறு கட்டிச் சிறிது தூரம் நடத்தலாம். தெருநாய்க்குச் சிகிச்சை செய்விக்கும் நல்ல உள்ளங்களுக்கும் இதைச் சொல்கிறேன்: காயம் ஆறுமுன் அதைத் திரும்பத் தெருவில் விட்டுவிடாதீர்கள். இரக்கப்பட்டு ஆளாளுக்கு பிஸ்கட்டும் பாலும் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். கூடும் ஒவ்வொரு கிலோவையும் மூன்று கால்கள்தானே சுமக்கின்றன! விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

இவ்வளவையும் ஒரே தாளில், எளிய தமிழில் அச்சடித்துவிடலாம். அறுவைச் சிகிச்சை செய்யும் ஒவ்வொரு கால்நடை மருத்துவமனையும் நாயை அனுப்பும்போது அந்தத் தாளையும் கையில் கொடுக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு முதல் தாளை நீங்களே வெளியிட்டால், அதை வெட்டி எங்கள் ஊர் மருந்துக் கடையில் நானே ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவையாறு.