சோனம் காவல் நிலையும் பனிச்சுவரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2016 பிப்ரவரி 3 அன்று, இமயமலையின் சியாச்சின் பனியாற்றில் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல் நிலையின் மீது பனிச்சுவர் சரிந்து விழுந்ததில், மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் தங்கள் கூடாரத்தோடு புதையுண்டனர். கீழே அவர்கள், மேலே அவர்களைத் தேடி வந்த தோழர்கள். இடையில் கான்கிரீட்டாக இறுகிய நீலப் பனிக்கட்டி மட்டும் இருபது அடிக்கு மேல். மூச்சு வாங்கவே திணறும் அந்த உயரத்தில், மோப்ப நாய்கள் காட்டிய இடங்களில் இரவு பகலாகப் பனியை அறுத்தெடுத்த தோழர்கள், ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிருடன் மீட்டனர். பிப்ரவரி 11 அன்று டெல்லி இராணுவ மருத்துவமனையில் அவரும் மறைந்தார்.

அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு இன்று நினைவிருக்கிறது?

2003 இந்திய-பாகிஸ்தான் போர்நிறுத்தத்திற்குப் பின் சியாச்சினில் வீரர்களைப் பலிகொள்வது குண்டுகளைவிடப் பனியும் குளிருமே என்பதால், பனிச்சரிவை முன்கூட்டி எச்சரிக்கும் கருவிகளைக் காவல் நிலைகள் அனைத்திலும் நிறுவவும், இரு நாட்டுப் படைகளையும் அங்கிருந்து விலக்குவது குறித்த பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்கவும் மத்திய அரசைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்.