கிழக்கு முனையில் ஒரு கருவி வேண்டும்: விமான, வானிலைத் துறை உயரதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உயரதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரள எல்லை மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தாங்கள் அமைத்துத் தந்த சிறு ஓடுதளத்தின் அருகில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். ஓடுதளத்தின் கதை தங்களுக்குத் தெரியும். நாங்கள் எழுதிய மனுக்களும் தங்கள் கோப்புகளில் இருக்கும். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கொளுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தொழிலாளியின் மீது நிழலுக்கு நட்டிருந்த சில்வர் ஓக் மரம் சாய்ந்தது. தோட்டத்து மருத்துவமனையில் கட்டுப் போட்டுவிட்டு ஹெலிகாப்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன் மலையில் வானிலை எப்படி என்று கேட்டார்கள், கேட்டது என்னிடம். என் வீடு ஓடுதளத்தின் கிழக்கு முனைக்கு மேலுள்ள மேட்டில் இருக்கிறது. வாசலில் நின்றால் முதலில் ஓடுதளம், அதற்கப்பால் எடைக் கொட்டகை, பிறகு மாதா கோயில் சிலுவை, கடைசியில் எதிர்மலையின் செல்போன் கோபுரம் என வரிசையாகத் தெரியும். கோபுரம் தெரிந்தால் வரலாம். சிலுவை வரைதான் தெரிகிறதென்றால் யோசிக்க வேண்டும். கொட்டகையே மறைந்துவிட்டால் வர வேண்டாம். மூன்று ஆண்டுகளாக இந்த ஓடுதளத்தின் வானிலை அறிக்கை இவ்வளவுதான்.

என் வீட்டில் சிக்னல் கிடைக்காது. செய்தி வந்தால் கீழே டீக்கடைக்காரர் தம் பையனை மேலே அனுப்புவார். நான் பார்த்துவிட்டு, கடை வரை இறங்கி வந்து பதில் சொல்ல வேண்டும். இந்த முழங்காலோடு இறங்க எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அன்று கோபுரம் தெளிவாகத் தெரிந்தது. இறங்கி வந்து, "தெரிகிறது, வரலாம்" என்றேன். ஹெலிகாப்டர் மலையை எட்டுவதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறிவிட்டது. கோபுரம் போயிற்று, சிலுவை போயிற்று, கொட்டகையும் போயிற்று. வெள்ளைக்கு மேலே சத்தம் மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே இரண்டு முறை போய் வந்தது. லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள், அந்தச் சத்தத்தை நோக்கிக் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள். "இப்போது தெரியவில்லை, அந்தப் பக்கம் வராதீர்கள்" என்று சொல்ல என்னிடம் ரேடியோ இல்லை. பறந்துகொண்டிருப்பவரைத் தொலைபேசியில் பிடிக்கவும் வழியில்லை. சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டது.

அந்த அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றி, வளைவுகள் எல்லாம் இறங்கி, மருத்துவக் கல்லூரியில் சேர்க்க நாலரை மணி நேரம் ஆயிற்று. உயிர் பிழைத்துக்கொண்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருடைய மகள் என்னிடம் படித்தவள். "நீங்க தெரியுதுன்னுதானே சொன்னீங்க, ஸார்?" என்று கேட்டாள். அந்தக் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன்: ஓடுதளத்தின் கிழக்கு முனையில் ஒரு தானியங்கி வானிலை நிலையமும், அது அளப்பதை நிமிடத்துக்கு நிமிடம் குரலாக ஒலிபரப்பும் ஒரு ரேடியோவும் வேண்டும்.

இது புதுமையான ஆசை ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 900-க்கும் மேற்பட்ட இடங்களில், பல சிற்றூர் விமான நிலையங்கள் உட்பட, இத்தகைய தானியங்கி நிலையங்கள் இயங்குகின்றன. கட்டுப்பாட்டுக் கோபுரமும் கட்டுப்பாட்டாளரும் இல்லாத ஓடுதளத்தை நெருங்கும் விமானி, தமது ரேடியோவை அந்த அலைவரிசைக்குத் திருப்பினால் போதும்: காற்றின் திசை, வேகம், பார்வைத் தொலைவு, மேகத்தின் உயரம், வெப்பநிலை, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை), காற்றழுத்தம் எல்லாவற்றையும் ஒரு பதிவுக் குரல் வாசித்துவிடும். மேகத்தின் உயரத்தை, லேசர் கதிரை மேலே செலுத்தி அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு கருவி கணக்கிடுகிறது. வெப்பநிலையும் பனிநிலையும் நெருங்க நெருங்க மஞ்சு வரப்போகிறது என்பது அந்த எண்களைக் கேட்டாலே விமானிக்குப் புரியும். அன்று கோபுரம் தெரிந்த நேரத்திலேயே அந்த இரண்டு எண்களும் நெருங்கியிருக்கும். அதை என் கண் எப்படிப் பார்க்கும்?

காற்றழுத்தத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்தே உயரம் சொல்கிறது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரம் ஏறத்தாழ 27 அடி பிசகும். சமவெளி விமான நிலையத்தின் எண்ணை வைத்துக்கொண்டு, மலையில், மஞ்சுக்குள் அடி கணக்குப் பார்ப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம்! கண்பார்வையை நம்பி இறங்கும் விமானத்துக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத் தொலைவும், மேகம் 1,500 அடிக்குக் கீழே இறங்காமலும் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். இங்கே அதை அளப்பவர் யார்? மாதா கோயில் சிலுவையா?

சென்ற ஆண்டு எங்கள் மனுவுக்கு ஒரு பதில் வந்தது. போதிய விமானப் போக்குவரத்து இல்லாததால் கருவி நிறுவும் தேவை எழவில்லை என்று அதில் இருந்தது. வானிலை தெரியாததால் விமானிகள் வரத் தயங்குகிறார்கள். விமானிகள் வராததால் வானிலைக் கருவி தேவையில்லை. பதில் வந்த தாளில் தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. மூன்று பேரிடம் கொடுத்துப் படித்துப் பார்த்தோம், மூவரும் இதே பொருளைத்தான் சொன்னார்கள். ஓடுதளத் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. அதன் அருகில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை கிழிந்துபோய், இப்போது அந்தக் கம்பத்தில் ஆடுவது எங்கள் கொளுந்துச் சாக்கு.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. 70 உயிர்கள் போயின. அந்த மறுநாள் மாலையில் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. இரண்டுக்கும் அறிவித்த உதவித்தொகை ஒன்றாக இல்லை என்பதை மலைமக்கள் இன்னும் மறக்கவில்லை. கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். மழைக்காலத்தில் சாலை அறுந்தால் எங்களுக்கு மிச்சமிருப்பது வான்வழி ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன்.

செலவு அதிகம் என்று தோன்றினால், முதற்கட்டமாகக் கேமராவாவது வையுங்கள். அலாஸ்காவில் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் வானிலைக் கேமராக்கள் இருக்கின்றன. இப்போதைய படத்துக்குப் பக்கத்திலேயே, தெளிவான நாளில் எடுத்த படத்தில் மலைகளின் தொலைவைக் குறித்துக் காட்டுவார்கள். என் கோபுரம், சிலுவை, கொட்டகைக் கணக்கும் அதேதான். கேமராவுக்கு முழங்கால் வலி இல்லை. நம் நாட்டிலும் அறிவு இல்லாமல் இல்லை. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் (NAL) உருவாக்கிய 'திருஷ்டி' என்ற பார்வைத் தொலைவு அளவி பெரிய விமான நிலையங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கருவியை வைத்துப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டால் போதாது. ஆடி மழையில் இங்கே நான்கைந்து நாள் மின்சாரம் இருக்காது; சூரியத் தகடு மட்டும் போதாது, பெரிய மின்கலமும் வேண்டும். இடிதாங்கி வேண்டும். கண்ணாடியில் பாசி படியும், சிலந்தி வலை கட்டும். வாரம் ஒரு முறை துடைக்க ஆள் வேண்டும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு எடைக் கொட்டகையில் மூட்டை தூக்கும் பிள்ளைகள் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். இருவருக்குப் பயிற்சி கொடுத்தால், அந்தக் கருவியைக் கண்ணாகக் காப்பார்கள்.

மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: கிழக்கு முனையில் ஒரு தானியங்கி வானிலை நிலையமும், அதன் குரலை ஒலிபரப்பும் ரேடியோவும், அடுத்த இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்கு முன் வேண்டும். இடம் பார்க்க வருபவர்களுக்கு என் வீட்டில் சாப்பாடும் படுக்கையும் உண்டு.

அதுவரை யார் கேட்டாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்து சொல்வேன். ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது என் கடமை. வருகிற தை மாதத்தில் எனக்கு இரண்டு கண்களிலும் புரை எடுக்கப் போகிறார்கள். கோபுரம் இப்போதே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
ஓடுதளத்தின் கிழக்கு மேடு