சிறுநீரகம் வேறு, சிறுகுடல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், உடல் அதை நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரையே இனி இல்லாமல் வாழலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். என் தம்பியும் படித்தான். "அக்கா, அப்ப நானும் இதை விட்டுறலாமா?" என்று மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவனுக்குச் சிறுகுடல் மாற்றியிருக்கிறார்கள். குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்ததில் குடல் அழுகிவிட்டது. வெட்டி எடுத்த பிறகு ரத்தக்குழாய் வழியே ஊட்டச்சத்து ஏற்றித்தான் உயிரைப் பிடித்துவைத்திருந்தோம். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்தார் மனம் வைத்ததால் இன்று ரசம் சாதம் சாப்பிடுகிறான்.

கட்டுரை பொய் சொல்லவில்லை. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 5 பேருக்குச் சிறுநீரகத்தோடு அதே கொடையாளியின் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் செலுத்தினார்கள். அவர்களில் 4 பேரால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது. 2008-ல் வெளியான முடிவு இது. ஆனால் கொடுத்தவர்கள் எல்லாரும் உயிரோடிருந்த ரத்த உறவுகள். அறுவைக்குச் சில நாள் முன்பிருந்தே நோயாளியின் உடலைத் தயார்செய்ய அவகாசம் இருந்தது. குடல் பெரும்பாலும் இறந்தவரிடமிருந்து வருவது. நடுராத்திரி போன் வந்தால் உடனே கிளம்ப வேண்டும். ஐந்தாமவர் உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்துவிட்டது என்பதையும் எழுதியிருக்கலாம்.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள். குடலைச் செரிமான மண்டலம் என்ற தலைப்பில் நடத்திவிட்டுப் போய்விடுவோம். உண்மையில் எதிர்ப்புச் சக்தி அணுக்கள் உடலிலேயே அதிகம் குவிந்திருப்பது அங்கேதான். சோற்றோடும் தண்ணீரோடும் வரும் கிருமிகளை அன்றாடம் எதிர்கொள்ளும் இடம் அல்லவா. ஆகவே மாற்றுக் குடல் தனியாக வருவதில்லை. சொந்தக் காவல்காரர்களோடு குடிவருகிறது. நோயாளியின் அணுக்கள் புதுக் குடலைத் தாக்கலாம். குடலோடு வந்த அணுக்கள் நோயாளியையே திருப்பித் தாக்கவும் செய்யலாம். இந்த இரண்டாவது ஆபத்து சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு மிக அரிது.

இதிலேயே நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேகன் சைக்ஸ் குழுவினர், மாற்றிய குடலில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களும் இருப்பதை 2019-ல் காட்டினார்கள். கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் ரத்தத்தில் கணிசமாகக் கலந்து ஓடும்போது நிராகரிப்பு குறைவதையும் கண்டிருக்கிறார்கள். கருவில் ரத்தம் கலந்த இரட்டைக் கன்றுகள், வளர்ந்த பிறகும் ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று சுமந்துகொண்டிருப்பதை ரே ஓவன் என்ற விஞ்ஞானி 1945-லேயே பார்த்துச் சொன்னார். அந்த இழையைப் பிடித்துத்தான், வேறொருவர் திசுவை உடல் ஏற்கும்படி செய்யலாம் என்று காட்டிய பீட்டர் மெடாவரின் எலிச் சோதனைகளும் 1960-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தன. ஆனாலும் குடல் மாற்றியவர் மருந்தை நிறுத்துவது இன்றுவரை வழக்கமான சிகிச்சை அல்ல.

சிறுநீரகத்துக்கு, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்தால் போதும், ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். குடலுக்கு அந்த அளவு நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. குடலை வெளியே திறந்துவைக்க வயிற்றில் போட்டிருந்த ஸ்டோமா என்ற துளை வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு, உள்சுவரில் சிறு துண்டைக் கிள்ளி எடுத்துத்தான் பார்த்தார்கள். ஆரம்பத்தில் வாராவாரம் அதுதான். நிராகரிப்பு முற்றினால் உள்சுவர் உரிந்து, கிருமி நேரே ரத்தத்தில் இறங்கிவிடும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்க அவன் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஜப்பானில் சுகுபா மண்ணிலிருந்து 1984-ல் எடுத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து. அது வந்த பிறகுதான் குடல் மாற்று அறுவையே ஓரளவு நிலைத்தது. ஆனால் பொல்லாத மருந்து. அளவு குறைந்தால் குடல் போகும், கூடினால் சிறுநீரகம் கெடும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தின் அளவு குறையும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் ரத்தத்தில் அது ஏறிவிடும். பம்பளிமாஸ் பழம் கூடாது. பூஞ்சைக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரைகூட அளவை ஏற்றிவிடும். ஊர் மருந்துக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

இந்த மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையை முன்கூட்டியே போடக்கூடாது. தம்பி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பான். ஊசியை எடுத்ததும் விழுங்குவான். ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வருவதற்குள் அடுத்த சில வேளை மாத்திரையும் பழைய அளவிலேயே உள்ளே போய்விடும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இப்படிப்பட்ட ஆய்வுச் செய்திகளைப் போடும்போது எந்த உறுப்பு, எத்தனை பேர் என்பதைத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மருந்தைக்கூட விடக்கூடாது என்று கீழே ஒரு வரி போடுங்கள். அடுத்து, டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் வசதி மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில், அன்றே முடிவு தரும்படி கிடைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். நான் மனு கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதினால் கொஞ்சம் சீக்கிரம் நகரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
மன்னார்குடி