கடிதம் சுமந்தவர்களின் கதையையும் சொல்லுங்கள்

கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் வெண்கலப் பலகைகளில், போர்களில் உயிரிழந்த ஆஸ்திரேலியர்கள் 1,03,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. பதவியும் பட்டமும் இல்லாமல், தளபதியும் சிப்பாயும் ஒரே மாதிரி. அதற்காகவே உங்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ராணுவத் தபால் பிரிவினரும் அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் இறந்த விதத்தோடு நின்றுவிடாமல், பார்த்த வேலையையும் விரிவாகச் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

1915, முதல் உலகப்போர். துருக்கியின் கலிபோலி போர்முனை. ஊர்த் தபால் கப்பலேறி, எகிப்து, லெம்னோஸ் தீவு என்று சுற்றி, கடைசியில் சிறு படகுகளில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் இறங்கியிருந்த அன்சாக் கரைக்கு வரும். அந்தக் கரையிலும் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. உறையில் பெயர், படை எண், பட்டாலியன் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஆள் அங்கே இருக்க வேண்டுமே! காயம்பட்டு அலெக்சாண்ட்ரியாவிலோ மால்டாவிலோ இங்கிலாந்திலோ ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கிடப்பார். ஒரு விலாசத்தை அடித்துவிட்டு இன்னொன்று எழுதுவார்கள். அதையும் அடித்து அடுத்தது. தேடி முடித்தபின் சில உறைகளின் மேல் 'போரில் கொல்லப்பட்டார்' என்று எழுதி, அனுப்பியவருக்கே திருப்ப வேண்டியிருந்தது. அனுப்பியவர் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். சாவுச் செய்தி வீட்டுக்குப் போவதற்கு முன் அந்த உறை போய்விடக் கூடாதே என்ற கவலை வேறு. இதைச் செய்த மனிதர்களைப் பின்னணி வேலைக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் 1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் பிடிபட்டார்கள். ஆஸ்திரேலிய ராணுவத்தின் 8-வது டிவிஷன் என்ற படைப்பிரிவின் தபால்காரர்களும் அதில் அடக்கம். பிறருக்குக் கடிதம் பிரித்துக் கொடுத்தவர்களே கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்து வந்த தபால் ஜப்பானியரிடம் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. பிறகு, கைதிகளுக்கு எழுதும் கடிதத்தில் 25 சொற்களுக்கு மேல் கூடாது என்றும் கட்டுப்பாடு வந்தது. ஜப்பானியர் பிடித்த 22,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை.

அவர்களில் சுமார் 2,800 பேர், ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட பர்மா-சயாம் (தாய்லாந்து) ரயில்பாதையில் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அதே பாதையில் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுடைய வீடுகளில் பலவற்றுக்கு ஒரு வரித் தகவல்கூட வரவில்லை. ஒரு சாவை வீட்டுக்குத் தெரிவிக்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழர்களாகிய எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் நினைவகத்தில் மாலைதோறும், பலகையிலுள்ள ஒருவரின் கதையைச் சொல்லி அஞ்சலி செலுத்தும் லாஸ்ட் போஸ்ட் நிகழ்வில் தபால் பிரிவினர் ஒருவரின் முறை வரும்போது, அவர் கையாண்ட கடிதங்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் சேகரிப்பிலுள்ள போர்க்காலக் கடிதங்களைக் காட்சிக்கு வைக்கும்போது, அவற்றை எழுதியவர், பெற்றவர் பெயர்களோடு, அவை எந்த வழியாக, யார் யார் கைமாறி வந்தன என்ற குறிப்பையும் சேருங்கள்.

இப்படிக்கு,
கடிதங்களை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்